இசக்கியின் கைப்பிள்ளை ஏன் உடைகிறது

சுடுமண்ணில் இசக்கியம்மன் சிலை செய்கிறவர்களுக்கு முகத்தைவிடக் கைப்பிள்ளைதான் பாடு. கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை; அந்த உக்கிரம் இல்லாவிட்டால் அது முப்பந்தல் இசக்கியே இல்லை.

குளத்துக் களிமண் நான்கு பங்குக்குச் சலித்த ஆற்றுமணல் ஒரு பங்கு. மணல் குறைந்தால் காயும்போதே வெடிக்கும், கூடினால் விரல்கள் உதிரும். உடம்பு உள்ளே பொள்ளலாக, சுவர் எங்கும் 2 செ.மீ. கனம் இருக்கட்டும்.

பிள்ளையைத் தனியே செய்யுங்கள். விரல் அழுத்தினால் பதியாது, நகம் கீறினால் கோடு விழும். தாயும் பிள்ளையும் அந்தப் பதத்துக்கு வந்ததும், ஒட்டும் இடங்களைச் சீப்பால் கீறி, அதே மண்குழம்பைத் தடவிச் சேர்க்க வேண்டும். ஒன்று ஈரமாகவும் மற்றது காய்ந்தும் இருந்தால் சுருக்கம் ஒத்துவராது. இடுப்போரம் மயிரிழையாக விரிசல் ஓடும், சூளையில் பிள்ளை கழன்று விழும்.

சூளையில் சிலை வெடித்தால் உள்ளே அடைபட்ட காற்றைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஈரம். 100 டிகிரியில் அது ஆவியாகி மண்ணைப் பிளக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அந்த மாதங்களில் நிழலில் மூன்று வாரமாவது காயட்டும். சுட்டபின் சூளையை அவசரமாகத் திறக்காதீர்கள்: 573 டிகிரியில் மணலின் பருமன் சட்டென மாறும், கழுத்து அப்போதுதான் விரிசல் விடும்.