எந்தப் பக்கம் மேலே?

கோத்தகிரியில் என் ஸ்டூடியோவுக்குச் சோறு போடுவது கல்யாணமும் பாஸ்போர்ட் சைஸும்தான். நடுநடுவே கலைஞர்களைப் படமெடுக்கச் சொல்லி வேலை வரும். ஒரு கண்காட்சிக்கு இருக்கும், இல்லையென்றால் ஒரு காலண்டருக்கு, கைவினைப் பொருள் விற்கும் கடையின் சுவருக்கு. காசு சுமார். ஆனாலும் எனக்குப் பிடித்த வேலை அதுதான்.

வேலை கொடுப்பவர்கள் சொல்லும் குறிப்பு மட்டும் மாறுவதே இல்லை. பாரம்பரிய உடை வேண்டும், பின்னால் மலை தெரிய வேண்டும், கையில் கருவி இருக்க வேண்டும். இது புதுப் பழக்கமும் இல்லை. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ப்ரீக்ஸ் இங்குள்ள பழங்குடிகளைப் பற்றி எழுதியது, அவர் இறந்தபின் 1873இல் படங்களோடு புத்தகமாக வந்தது. அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலும் இனத்தின் பெயர் இருக்கும், நிற்கிற ஆளின் பெயர் இருக்காது. (நானும் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. அது அவர்கள் கேட்டுக்கொண்டதால்.)

ஊட்டி பொட்டானிக்கல் கார்டனுக்கு மேலே இருக்கும் மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, ஏறிப்போகிற டூரிஸ்ட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தால் போதும், கேட்காமலே போன் உயரும். அப்படியே பழகிப்போனதால், கேமராவைக் கண்டதும் பலர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். அந்த முகத்தைத் தாண்டிப் போக நேரம் பிடிக்கும். டீ குடிக்க வேண்டும், எருமையைப் பற்றிப் பேச வேண்டும், மழையைத் திட்ட வேண்டும்.

தோடர் எம்பிராய்டரி செய்யும் ஒரு அக்காவைப் படமெடுக்கப் போனபோது அவர் ஸ்வெட்டரும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வாசல் வெயிலில் தைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்லியனுப்பியது பூத்துக்குளி என்கிற எம்பிராய்டரி போர்வையைப் போர்த்திய படம். கேட்டேன். “அது விசேஷத்துக்குப் போடறது தம்பி. அதைப் போத்திக்கிட்டா கை எப்படி ஓடும்?” என்றார். சரிதானே. ஸ்வெட்டரோடே எடுத்தேன்.

அவர் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். துணியில் கோடு வரைவதில்லை, வளையத்தில் மாட்டுவதில்லை. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை விரல் நுனியால் எண்ணி, சிவப்பும் கறுப்புமாக நூலை ஓட்டுகிறார். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் அந்த வரிசை முழுக்கக் கோணிப்போகும். அதனால் அவர் எண்ணும்போது நான் பேசுவதில்லை, ஷட்டரையும் அழுத்துவதில்லை. 2013இல் இந்த எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம்தான் படம் கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள் என்றார், கொஞ்சம் அலுப்போடு.

துணியை மடியில் விரித்து, நேர்த்தியாகத் தெரிந்த பக்கம் மேலே வருகிற மாதிரி நான் சரிசெய்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் திருப்பிப் போட்டார். திருப்பின பக்கத்தில் நூல் சின்னச் சின்ன வளையங்களாகப் புடைத்து நிற்கிறது. நம் கண்ணுக்கு அது அடிப்பக்கம். “எங்களுக்கு இதுதான் மேல்பக்கம்” என்றார். லென்ஸ் வழியாகப் பார்த்தபோது அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. வழவழப்பான பக்கத்தின் நெருக்கமான நெசவு சென்சாரில் அலை அலையாகக் கோடு விழச் செய்கிறது. முரட்டுப் பக்கத்தில் சாய்ந்த வெயில் பட்டால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு குட்டி நிழல் விழும். விரலால் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும்.

மலையில் வெளிச்சம் நல்லது என்று கீழ்நாட்டு நண்பர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. வெயில் அடித்தால் ஊசியாகக் குத்தும், கண்குழியில் கரி பூசிவிடும். மிஸ்ட் இறங்கினால் மூக்குக்குக் கீழே நிழலே இல்லாமல் முகம் தட்டையாகிவிடும். அதற்கு நான் வைத்திருக்கும் வைத்தியம் கறுப்புக் குடை. ஒரு கன்னத்துக்குப் பக்கத்தில், சட்டகத்துக்கு வெளியே யாரையாவது குடையை விரித்துப் பிடிக்கச் சொன்னால் அந்தப் பக்கம் இருண்டு முகத்துக்கு வடிவம் வந்துவிடும். நீலகிரியில் குடை இல்லாத வீடு ஏது? மற்றபடி ஜூன் முதல் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும். இதெல்லாம் இங்கே தொழில் செய்கிறவர்களுக்குத் தெரிந்த கதை.

கோத்தகிரிக்குக் கீழே இருக்கிற குறும்பர் பழங்குடியைச் சேர்ந்த ஓர் ஓவியர்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர். செம்மண், வெள்ளை மண், கறுப்புக்கு மரப்பட்டை, பச்சைக்குக் காட்டு அவரை இலை என்று காட்டிலிருந்தே நிறம் எடுக்கிற மரபு அவருடையது. முன்பு வீட்டுச் சுவரில் வரைந்தது, இப்போது விற்பதற்காகக் காகிதத்துக்கு வந்திருக்கிறது. பாறையில் கயிற்றேணி கட்டித் தேன் எடுப்பது, கூட்டமாக ஆடுவது, எல்லாம் வரைவார். ஆனால் மனிதர்களுக்குக் கண் மூக்கு வாய் கிடையாது. முகம் பிடிப்பது என் பிழைப்பாயிற்றே, கேட்காமல் இருக்க முடியுமா?

“மூஞ்சி போட்டா அது யாரோ ஒருத்தரு ஆயிடும் சார். தேன் எடுக்கறவருன்னு தெரிஞ்சா போதாதா?”

பிறகு, தன் படத்தில் மட்டும் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்றார். பிரஷைக் கொடுத்தால் வாங்கிக் கீழே வைத்துவிட்டார். கூலிக்குப் போகிற எஸ்டேட்டில் இந்தப் படத்தைக் காட்டுவாராம். அங்கே அவர் வரைவது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லையாம். இஸ்திரி போட்ட கட்டம் போட்ட சட்டை, கையைக் கட்டிக்கொண்டு நேர் பார்வை. அவரை நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம். கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை, இவர் ஓவியர் என்று எப்படித் தெரியும் என்றார்கள். கீழே எழுதுங்கள் என்றேன்.

கோத்தர் பழங்குடி ஊரில் கொள் என்கிற, நாதஸ்வரம் மாதிரியான ஊதுகருவியை வாசிக்கும் பெரியவர் வேறு ரகம். கன்னத்தில் காற்றை நிறுத்திக்கொண்டே மூக்கால் மூச்சிழுத்து, சத்தம் அறாமல் ஊதுவார். எல்லோருக்கும் அந்த உப்பிய கன்னம்தான் வேண்டும். அவருக்கு வேண்டாம். “தவளையாட்டம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, ஊதி முடித்து உதட்டைத் துடைக்கும்போது எடு என்றார். எடுத்தேன்.

படமெடுப்பதில் எனக்கே பாடம் சொன்ன ஒருவர் இருக்கிறார். ஊட்டி இந்து நகர் பிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், படுகப் பாட்டு எழுதுகிறவர். 1960இல் தொடங்கின அந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் 1967இலிருந்து ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் வந்தன. இப்போது மூடிக் கிடக்கிறது. பிலிமுக்கு மருந்து பூசுகிற பிரிவில் ஷிப்ட் முழுக்க இருட்டில் வேலை செய்தவர் இவர். நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனதும், “இவ்வளவு எதுக்குப்பா?” என்று அணைக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். எந்தக் கோணத்தில் உட்கார்ந்தால் கண்ணில் ஜன்னல் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. போனில் அனுப்புகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவே இல்லை. பிரிண்ட் போட்டுக் கொடு, அதுவும் மேட் பேப்பரில்.

அவருக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்ததிலிருந்து இதை ஒரு நிபந்தனையாகவே வைத்துக்கொண்டேன். முதல் பிரிண்ட் படத்தில் இருப்பவருக்கு. எது வெளியே போகலாம் என்று தேர்வு செய்வதும் அவர்தான். உட்கார்ந்த நேரத்துக்குக் கூலியும் உண்டு. இதைக் கேட்டதும் ஒரு காலண்டர் வேலை கைநழுவிப் போனது. வேறொருவர் எடுத்துக் கொடுத்தார், இப்போது ஒரு மளிகைக் கடையில் தொங்குகிறது. படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. மிஸ்ட் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.