வயிற்றில் ஹெட்போன் வேண்டாம், நீங்களே பாடுங்கள்

வளைகாப்பு முடிந்த கையோடு பலரும் கேட்பது இது: வயிற்றில் ஹெட்போன் வைத்துப் பாட்டுப் போடலாமா? வேண்டவே வேண்டாம். தோலோடு ஒட்டிய ஸ்பீக்கரின் சத்தம் உள்ளே எவ்வளவு போகிறது என்று வெளியிலிருந்து கணிக்க முடியாது. சதையும் பனிக்குட நீரும் கீச்சென்ற ஒலிகளை மங்கடித்துவிடும், தணிந்த சுருதி ஒலிகள் நன்றாகவே போய்ச் சேரும். கேட்காதோ என்று வால்யூமைக் கூட்டுவதுதான் இங்கே நடக்கும் தப்பு.

அம்மாவின் குரல் எலும்பு, சதை வழியாகவும் உள்ளே இறங்கும். 24 வாரத்தை ஒட்டிக் குழந்தை சத்தத்துக்கு அசையத் தொடங்கும். 28-க்கு மேல் அது இன்னும் தெளிவாகும். 1980-ல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், அம்மாவின் குரல் கேட்பதற்காகச் சப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டன. மொஸார்ட் கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சுக்கு வித்திட்ட 1993 ஆய்வோ கல்லூரி மாணவர்களிடம் நடந்தது, கர்ப்பிணிகளிடம் அல்ல.

இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி கழித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து இடப்பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, 'ஆராரோ ஆரிரரோ'வை வாய் மூடி முணுமுணுத்தபடி ஆறு, எட்டு எண்ணும்வரை விடுங்கள். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும், படபடப்பும் அடங்கும். உதடு சேர்ந்திருக்கட்டும், பல் கடிக்க வேண்டாம். நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரியாவிட்டால் சுருதி கூடிப்போயிற்று, இறக்குங்கள். பத்து நிமிடம் போதும். எட்டாம், ஒன்பதாம் மாதத்தில் கர்ப்பப்பை மேலே அழுத்துவதால் மூச்சு வாங்கும். அப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வரியை இரண்டாக உடைத்துப் பாடுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

தினமும் ஒரே பாட்டாக இருக்கட்டும்; பிறந்தபின் அழும்போதும் அதையே பாடலாம். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, பேசும் சத்தத்தில் பாடட்டும்.

போனில் பாட்டு ஓடும்போது குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? அந்தச் சத்தம் சரி. பக்திப் பாட்டுதான் கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னாலும், உங்கள் மனசு எதில் லேசாகிறதோ அதைக் கேளுங்கள்.

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் பாட்டுப் போட்டு எழுப்பிப் பார்க்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையுமாக இருந்தால் பாட்டு மட்டும் போதாது. டாக்டரிடம் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.