விடுமுறைப் பயணம்: ஒரு செலவுக் குறிப்பேடு

பிப்ரவரி 3

முடிவாகிவிட்டது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஐந்து பேரும் வெளிநாடு போகிறோம். முதலில் ஒரு பழைய நகரம், அங்கிருந்து ரயிலில் ஒரு கடலோர ஊர்.

கடன் வாங்கிப் போவதில்லை என்பதில் எனக்கும் கணவருக்கும் ஒரே கருத்து. சில நாள் சுற்றிவிட்டு வந்து வருடம் முழுக்கத் தவணை கட்டினால் பார்த்த கடல்கூட கசந்துபோகும். அதனால்தான் பயணத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானாக அதில் போய்ச் சேரும். கிளம்புவதற்குள் எவ்வளவு சேருமோ அதற்குள் அடங்குகிற ஊர்களைத்தான் பார்த்தோம்.

சிக்கனப் பயணம் என்றாலே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய மிச்சமெல்லாம் தேதி, டிக்கெட், அறை, பணமாற்று இவற்றில்தான் இருக்கிறது. அதை வீட்டில் இருந்தபடியே பிடித்துவிடலாம். அங்கே போனபின் பிள்ளை ஒன்று ஆசையாகக் கேட்கும்போது நான் விலையைப் பார்த்துத் தயங்கக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை கணக்கும்.

பிப்ரவரி 8

தேதி. பள்ளி விடுமுறை என்பதால் நமக்கு வேறு வழியில்லை என்று கணவர் சொன்னார். பாதி உண்மை. நமக்கு விடுமுறை என்றால் போகிற ஊருக்கும் அது சீசனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் விடுமுறைக்காலம், பண்டிகைக்காலம், மழைக்காலம் உண்டு. போகிற நாட்டின் பள்ளி நாட்காட்டியையும் பொது விடுமுறைகளையும் எடுத்து நம்முடையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர்களின் நெரிசல் தொடங்குவதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்கிறது. வெயிலும் பரவாயில்லை, கூட்டமும் குறைவு, அறை வாடகையும் இறங்கியிருக்கிறது.

ஆஃப் சீசன் என்று கண்ணை மூடிக்கொண்டு போய்விடவும் கூடாது. விலை ஏன் குறைவு என்று பார்க்க வேண்டும். தினமும் கொட்டும் மழையாலோ, படகுகள் நின்றுபோனதாலோ, பாதி இடங்கள் மூடியிருப்பதாலோ வருகிற மலிவு எனக்கு வேண்டாம். சீசனின் ஓரங்களில்தான் கூட்டமும் விலையும் வானிலையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரும்.

பிப்ரவரி 11

விமான டிக்கெட் விலை ஏன் இப்படி ஆடுகிறது என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி, பொறுமையாக உட்கார்ந்து சொன்னேன்.

1978-ல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். மலிவு விலை நிறுவனங்கள் முளைத்தன. அவற்றைச் சமாளிக்க 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு வழியைப் பெரிய அளவில் கையாண்டது: முன்கூட்டியே வாங்குபவர்களுக்கு மட்டும் குறைந்த விலையில் அளவான இருக்கைகள், கடைசி நேரத்தில் வருபவர்களுக்கு அதிக விலையில் மீதி. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் இதைத்தான் செய்கின்றன. ஒரே மாதிரி இருக்கைகளே பல விலைப் பிரிவுகளாகப் பிரிந்து கிடக்கும். மலிவான பிரிவு தீர்ந்தால் அடுத்தது திறக்கும். விற்பனை மந்தமாக இருந்தால் மூடியது மறுபடி திறப்பதும் உண்டு.

இதிலிருந்து எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. மலிவான பிரிவில் மூன்று இருக்கைகள்தான் மிச்சம் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு ஒன்றாகத் தேடினால், பல நிறுவனங்களின் முறை ஐந்து பேருக்கும் இடமுள்ள அடுத்த பிரிவுக்குத் தாவி, எல்லோருக்கும் அந்த அதிக விலையையே காட்டும். அதனால் முதலில் ஒருவருக்குத் தேடிப் பார்த்தேன், அப்புறம் ஐந்து பேருக்கு. தலைக்கு விலை வேறுபட்டது. மூன்று பேர் ஒரு புக்கிங், இரண்டு பேர் ஒரு புக்கிங் என்று பிரித்தால் மிச்சம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு புக்கிங்கிலும் விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் இருக்க வேண்டும். விமானம் ரத்தானால் இரண்டு புக்கிங்கையும் தனித்தனியாக மாற்றிவிட வாய்ப்பிருக்கிறது. அம்மாவும் மகனும் என்னோடு, மகள் அவள் அப்பாவோடு.

பிப்ரவரி 15

டிக்கெட் எடுத்தாயிற்று. வாரத்தின் நடுவில் புறப்பாடு. போவது நகரத்துக்கு, திரும்புவது கடலோர ஊருக்குப் பக்கத்திலிருக்கும் விமான நிலையத்திலிருந்து. இப்படி எடுத்தால் திரும்பி ஏறுவதற்காக மறுபடி நகரத்துக்கு வரும் ரயில் செலவும் ஒரு நாளும் மிச்சம். தேடும் பக்கத்தில் ‘பல நகரங்கள்’ என்ற பிரிவில் போட்டால் கிடைக்கும். இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளாக எடுப்பதைவிடப் பல நேரம் மலிவாகவே வரும்.

நடுவில் விமானம் மாற வேண்டும். இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளாக எடுத்தால் இன்னும் குறைவுதான். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் புது டிக்கெட் நம் கைக்காசில். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. அம்மாவை வைத்துக்கொண்டு அந்தத் துணிச்சல் எனக்கு வேண்டாம்.

அம்மாவுக்கு நீண்ட தூரம் நடக்க முடியாது. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி இலவசம், 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டால் நல்லது. டிக்கெட் எடுத்த கையோடு பதிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 16

விசா விண்ணப்பம். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர்களின் விளம்பரம். அந்த நாட்டுத் தூதரகப் பக்கத்திலிருந்து தொடங்கினால் கூடுதல் கட்டணம் இல்லை.

மார்ச் 2

தங்குமிடம். ஒரு நாள் வாடகையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். எல்லா வரியும் கட்டணமும் சேர்ந்த மொத்தத்தைத்தான் ஒப்பிட வேண்டும். சில நகரங்களில் சுற்றுலா வரி தனி. ஆம்ஸ்டர்டாமில் 2024-லிருந்து அது அறை வாடகையில் 12.5 சதவீதம். அடுக்குமாடி வீடுகளில் சுத்தம் செய்யும் கட்டணம் ஒரு தடவைதான், எத்தனை நாள் தங்கினாலும் அதே தொகை. எனவே இரண்டு இரவுக்கு வீடு எடுப்பது நஷ்டம், ஒரு வாரத்துக்கு லாபம். நகரத்தில் ஹோட்டலும் கடலோர ஊரில் சமையலறையோடு ஒரு வீடும் என்று முடிவு செய்தோம்.

ஊருக்கு வெளியே பாதி விலையில் ஓர் அறை இருந்தது. ஐந்து பேர் தினமும் போய்வரும் செலவைச் சேர்த்ததும் அந்த மலிவு காணாமல் போனது. நேரம் வேறு போகும். நடந்தே சுற்றக்கூடிய இடத்தில் இருக்கிற அறைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

முன்பதிவுத் தளங்களுக்கு ஹோட்டல்கள் நல்ல கமிஷன் கொடுக்கின்றன. அதனால் ஹோட்டலுக்கே எழுதிக் கேட்டேன். விலையைக் குறைக்கவில்லை, ஆனால் காலை உணவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஐந்து பேருக்குக் காலை உணவு என்பது சின்ன விஷயமில்லை! ஹோட்டல், வீடு இரண்டையும் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடுதான் எடுத்தேன்.

ஏப்ரல் 6

கடலோர வீட்டின் வாடகையை மறுபடி பார்த்தேன். அதே வீடு, அதே தேதிகள், விலை இறங்கியிருக்கிறது. முதலில் புதிதாகப் புக் செய்து, உறுதியானதும் பழையதை ரத்து செய்தேன். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

ஏப்ரல் 20

இன்று எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கு ஓர் ஆசை எழுதினோம். இந்த ஐந்துக்கும் பணம் முதலிலேயே ஒதுக்கி வைத்தாயிற்று, அதில் பேரமே கிடையாது. மகனுக்குப் படகுச் சவாரி. மகளுக்கு அருங்காட்சியகத்தில் ஒரு முழு நாள். கணவருக்கு மலைமேல் போகும் கம்பிவட ரயில். அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “கடல் தெரியுற மாதிரி ரூம் கிடைக்குமாடி?” என்றார். கடலோர வீட்டின் உரிமையாளருக்கு எழுதி, மாடியில் கடல் பார்த்த அறை அம்மாவுக்கு என்று உறுதி செய்துகொண்டேன். எனக்கு இசைக் கச்சேரி.

மே 11

பணமாற்று. ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. அவர்கள் லாபம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. அன்றைய சந்தை விலையை எடுத்துக்கொண்டு, என் கையில் எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டேன். விமான நிலையக் கவுன்டர்களில்தான் அந்த இடைவெளி பெரும்பாலும் அதிகம். இறங்கியதும் செலவுக்கு மட்டும் கொஞ்சம் நோட்டு, மற்றதற்கு வெளிநாட்டுக் கட்டணம் குறைவான கார்டு. சாதாரணக் கார்டுகளில் ஒவ்வொரு வெளிநாட்டுச் செலவுக்கும் 3 சதவீதம் அளவுக்குக்கூடப் பிடிப்பார்கள். கிரெடிட் கார்டில் பணம் எடுக்கவே போவதில்லை, பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இன்சூரன்ஸும் எடுத்தாயிற்று. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அம்மாவின் ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதினோம். பிரீமியம் ஏறியது, ஏறட்டும். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் கை விரித்துவிடுவார்கள்.

மே 18

மூட்டை கட்டும் நாள். ஐந்து பேருக்கு ஐந்து பெரிய பெட்டி தேவையில்லை, இரண்டு போதும். கூடுதல் பெட்டிக்கு இணையத்தில் முன்பே கட்டுவது கவுன்டரில் கட்டுவதைவிட மலிவு. கையில் எடுத்துப்போகும் பைக்குப் பல நிறுவனங்கள் 7 கிலோதான் தருகின்றன, வீட்டிலேயே எடை பார்த்துவிட்டோம். ஆளுக்கொரு காலித் தண்ணீர் பாட்டில். சோதனை முடிந்தபின் நிரப்பிக்கொள்ளலாம். வரைபடங்களை ஃபோனில் இறக்கி, டேட்டா ரோமிங்கை அணைத்தாயிற்று.

மே 22

நகரம். ஹோட்டலில் கார்டைச் செருகியதும், உங்கள் நாட்டுப் பணத்திலா, எங்கள் நாட்டுப் பணத்திலா என்று மெஷின் கேட்டது. நம் பணத்தில் பார்ப்பது வசதியாகத் தோன்றும். ஆனால் அதை அழுத்தினால் மாற்று விலையை நிர்ணயிப்பது மெஷினின் பக்கம் இருப்பவர்கள், அவர்கள் லாபமும் அதில் சேரும். அந்த ஊர்ப் பணத்தை அழுத்தினால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்களின் விலை, சந்தைக்கு நெருக்கமானது. எப்போதும் அந்த ஊர்ப் பணம்தான். ஏடிஎம்மும் இதையே கேட்கும்.

மே 24

மகளின் அருங்காட்சியக நாள். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் இலவச நேரம் உண்டு. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே இல்லை. மாட்ரிட்டின் பிராடோவில் மாலை கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். வத்திக்கானில் மாதத்தின் கடைசி ஞாயிறு. இங்கேயும் ஒரு மாலை இலவசம்தான், ஆனால் நாங்கள் கட்டணம் கட்டிக் காலையிலேயே போனோம். இலவச நேரத்து வரிசையில் நின்று அவசரமாகப் பார்ப்பது அவளுடைய ஆசைக்குச் சரிவராது. மாலை வரை அவள் வெளியே வரவில்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லா இடங்களுக்கும் சேர்த்து விற்கும் நகர அட்டையை வாங்கவில்லை. நாங்கள் உண்மையில் பார்க்கப்போகும் இடங்களின் கட்டணத்தைக் கூட்டினால் அட்டையின் விலையைத் தொடவில்லை. பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொண்டோம். அதே உணவகம், அதே சமையல், இரவைவிட விலை குறைவு. அம்மா களைத்தபோதெல்லாம் யோசிக்காமல் டாக்ஸி.

மே 29

அம்மா ஜன்னலை விட்டு நகர மறுக்கிறார். அலையின் சத்தத்தில்தான் தூக்கம் வருகிறதாம். இன்று வேறு கணக்கு எழுதவில்லை.

ஜூன் 1

கிளம்புகிறோம். கையில் மிஞ்சிய நோட்டும் சில்லறையும் எல்லாம் வீட்டின் கடைசிப் பாக்கிக்குக் கொடுத்துவிட்டு, மீதியைக் கார்டில் கட்டினேன். திரும்ப மாற்றினால் இன்னொரு முறை நஷ்டம், நாணயங்களை யாரும் வாங்கவும் மாட்டார்கள். வாங்கிய பொருட்களின் வரியைத் திரும்பப் பெற, பெட்டிகளை ஒப்படைக்கும் முன்பே சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அதற்காக முன்னதாகவே விமான நிலையம் வந்துவிட்டோம்.

ஜூன் 14

கார்டு கணக்கை வரி வரியாகப் பார்த்தேன். நகரத்து ஹோட்டல் முன்பணமாகப் பிடித்து வைத்திருந்த தொகை இன்னும் விடுவிக்கப்படவில்லை. ரசீதின் நகலோடு அவர்களுக்கும் வங்கிக்கும் எழுதினேன்.

ஜூன் 17

விடுவித்துவிட்டார்கள். வரித் தொகையும் வந்துவிட்டது.