மரியோ: மஞ்சள் கேசட்டிலிருந்து முப்பரிமாணம் வரை

செங்கோட்டை, புளியரைப் பக்கம் பரணில் கிடக்கும் டிவி கேம் கேசட்டைத் தட்டினால், உள்ளே 1985-ன் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ இருக்க வாய்ப்பு அதிகம். மொத்தமே 40 கேபி (கிலோபைட்). அதற்குள் 8 உலகம், 32 கட்டம். இடம் பத்தாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம், நிறம்தான் வேறு! திரை பின்னால் நகராது. மரியோவைப் பெரிதாக்கும் காளானை விட்டால் விட்டதுதான்.

1988-ன் மூன்றாம் பாகத்தில் இலை எடுத்தால் வால் முளைக்கும். பி பட்டனை அழுத்தியபடி ஓடி, திரையின் கீழே அம்புக்குறிகள் நிரம்பியதும் எம்பினால் பறக்கலாம். என் கணக்கில் தொடரின் உச்சம் இதுதான். 1990-ல் மரியோ ஏறிச் சவாரி செய்யும் டைனோசர் யோஷி. 1996-ல் முப்பரிமாணம், கூடவே பார்க்கும் கோணத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும் கேமரா தலைவலி.

படம் வராவிட்டால் கேசட்டை ஊதாதீர்கள். எச்சில் ஈரத்தில் கேசட்டின் உலோகப் பின்கள் (pins) கறுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் 60 பின்னையும் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள்.