மாருதி 800 ஃபேன் பெல்ட்: கட்டையை எடுத்த பிறகு வரும் அளவுதான் அளவு

வண்டி மாருதி 800, கார்புரேட்டர், ஏசி இல்லாதது. நிற்குமிடம் திசையன்விளைப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். குறை: காலையில் ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம் ‘கீச்’சென்று கத்தும், ஹெட்லைட் போட்டால் கூடும், பிறகு தானே அடங்கும்.

ஊர் வழக்கில் ஃபேன் பெல்ட். ஆனால் இந்த வண்டியில் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுகிறது. பெல்ட் சுற்றுவது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரை ஓட்டும் வாட்டர் பம்பையும். அறுந்தால் சார்ஜ் லைட் எரிவதோடு தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவே அப்படி ஆனால் ‘அடுத்த ஊர் வரை போயிருவோம்’ என்று ஓட்டக்கூடாது. இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போகும், ஹெட்டே வளையவும் செய்யும்.

காலையில் மட்டும் ஏன் கத்துகிறது? ஸ்டார்ட்டர் இழுத்த கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்க ஆல்டர்னேட்டர் அப்போதுதான் முழுமூச்சாக வேலை செய்கிறது. புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) கனக்கிறது, பிடி போதாத பெல்ட் வழுக்குகிறது. பேட்டரி நிறைந்ததும் பாரம் குறைகிறது, சத்தம் நிற்கிறது. சத்தம் நின்றதால் குறை தீர்ந்தது என்று ஆகாது.

முதல் நாள், அளவு மட்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது, விடியற்காலையில். சூட்டில் இன்ஜின் விரிந்து பெல்ட்டை இறுக்கிக் காட்டும். கைக்கு எட்டும் நீளமான ஓட்டத்தின் நடுவில், ஏறக்குறைய 10 கிலோ அழுத்தத்துக்குப் பெல்ட் 6 முதல் 9 மி.மீ. வரை இறங்கலாம். 10 கிலோ என்பது கட்டைவிரலுக்கு எப்படித் தெரியும்? சமையலறை டிஜிட்டல் தராசை நாலைந்து முறை அழுத்திப் பழகினால் போதும். தராசு இல்லாமல் அழுத்தினால் பெரும்பாலும் பாதிதான் வரும். இரண்டு புல்லியின் முதுகிலும் படும்படி ஒரு நேரான ரீப்பரை வைத்து, அதன் அடியிலிருந்து ஸ்டீல் ஸ்கேலால் அளந்தது: 14 மி.மீ. ஹெட்லைட் போட்டு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல்) பேட்டரி முனையில் 12.7 வோல்ட்; சார்ஜ் போதவில்லை.

‘பெல்ட்டைக் கால் திருப்புத் திருப்பிப் பாரும்’ என்று பட்டறையில் அண்ணாச்சிமார் சொல்வார்கள். தொளதொளவென்று கிடப்பதைக் கண்டுபிடிக்க அது உதவும். 7 மி.மீ.க்கும் 10 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்லாது.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. ஐடிலில் ஓடும் பெல்ட்டின் உள்பக்கம் பாட்டிலால் கொஞ்சம் தெளித்தால், சத்தம் கூடினால் இறுக்கம் குறைவு. சட்டென்று அடங்கிச் சற்றுநேரத்தில் திரும்பினால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. இங்கே கூடியது. வேட்டி, தோளில் துண்டு இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது.

இரண்டாம் நாள் இறுக்கியது. பேட்டரி நெகட்டிவ் முதலில் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரில் சாவி இல்லாவிட்டாலும் கரண்ட் உண்டு, ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். போல்ட்டுகளுக்கு முந்தைய நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தது. உவரிப் பக்கத்து உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு இதைத் தாண்டிக் குறுக்குவழி கிடையாது.

ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் நெம்பினால் பெல்ட் இறுகும். அதைப் பிடித்திருக்கும் நீள ஓட்டைப் பட்டையில் உள்ள போல்ட்டை மட்டும் தளர்த்திவிட்டு நெம்புவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஆல்டர்னேட்டர் திரும்பும் அச்சுப் போல்ட்டையும் அரைச்சுற்றுத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நெம்புகிற பலம் முழுக்க அச்சுப் போல்ட் நுழையும் அலுமினியக் காதில் இறங்கி அதை விரிய வைக்கும். கையால் தள்ளினால் நகர வேண்டும், விட்டால் தொங்கக்கூடாது, அவ்வளவு தளர்வு. நெம்புகோல் இரும்பு வேண்டாம், வேப்பங்கட்டை போதும். இன்ஜின் பிளாக்குக்கும் ஆல்டர்னேட்டரின் முன்பக்க உடம்புக்கும் நடுவே கொடுக்க வேண்டும். பின்மூடி மெல்லிசு, உள்ளே டயோடு இருக்கிறது. அங்கே கட்டை படக்கூடாது.

கட்டையைப் பிடித்தபடி பட்டைப் போல்ட், பிறகு அச்சுப் போல்ட் என்று இறுக்கியபோது 6 மி.மீ. கட்டையை எடுத்ததும் 9. பட்டையிலும் அச்சிலும் இருந்த ஆட்டம் அந்த 3 மி.மீ.யை விழுங்கிவிட்டது. கட்டை இருக்கும்போது அளந்து ‘சரியாயிட்டு’ என்று பானெட்டை மூடுகிறவர்களின் வண்டி மறுவாரமே கத்துவது இதனால்தான். இரண்டாம் தடவை 4 மி.மீ. வரை நெம்பிப் பிடித்து இறுக்கியதில் 7-ல் நின்றது. பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு ஆள் நீளம் தள்ளி, பெல்ட் புல்லியின் காடியில் (பள்ளத்தில்) உட்கார்ந்ததும் மறுபடி அளந்தது. 7 தான்.

இன்னும் இறுக்கினால் என்ன? வாட்டர் பம்ப் பேரிங் போகும். பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் தண்ணீர் கசிந்தால் அதுதான் முதல் அடையாளம். விலை குறைந்த பெல்ட்டைக் காப்பாற்ற பம்பைக் கொடுப்பது நல்ல வியாபாரம் அல்ல.

மூன்றாம் நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் லேசாகத் திரும்பியது; அளந்தால் அதே 7. அப்படியானால் இறுக்கத்தில் குறையில்லை, பெல்ட்டில்தான். கழற்றிப் பார்த்தால் இரு பக்கச்சுவரும் கண்ணாடி மாதிரி மினுங்கின, புல்லிக் காடியின் அடித்தளமும் பளபளத்தது. வி-பெல்ட் பக்கச்சுவரால்தான் பிடிக்கும். தேய்ந்து அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பு மாதிரி இறுகுவது போய்விடும், எவ்வளவு இழுத்தாலும் வழுக்கும். இதற்குச் சோப்புக்கட்டி, பவுடர், தேங்காயெண்ணெய் என்று தடவுவது உண்டு. ஆடிக்காற்றில் பறக்கும் தேரிமண் அதில் ஒட்டி உப்புத்தாள் ஆகிவிடும், அவ்வளவுதான் பலன்.

காடித் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துப் புதுப் பெல்ட். வாங்கும்போது பழைய பெல்ட்டின் முதுகு எண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும்: ஏவி10 என்றால் மேல் அகலம் 10 மி.மீ., அடுத்து வருவது நீளம். பல்வரிப் பெல்ட்டில் 6பிகே என்றால் ஆறு வரி. அந்த மாதிரி வண்டிகளில் தானியங்கி டென்ஷனர் (பெல்ட்டைத் தானே இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு) இருந்தால் இந்த நெம்பு வேலைக்கே இடமில்லை.

ஆல்டர்னேட்டரை முழுக்க உள்ளே தள்ளித்தான் மாட்ட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் புல்லி மேல் ஏற்றினால் உள்நூல் அறும், வெளியே தெரியாது. புதுசு முதலில் இளகும் என்பதால் 6-ல் வைத்தது. பத்து நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு அளந்தால் 8, மறுபடி 6. 300 கி.மீ. கழித்து 7.

500 கி.மீ.: 7 மி.மீ. ஹெட்லைட், வைப்பர் இரண்டும் போட்டு ஐடிலில் 13.9 வோல்ட். பழைய பெல்ட், 12-க்கும் 14-க்கும் ஸ்பானர், அந்த வேப்பங்கட்டை மூன்றும் டிக்கியில்.