கொழுப்பும் மாத்திரையும்

"மக்களே, வயித்துக் கொழுப்ப எடுத்து மார்ல வச்சா எனக்க சீக்கு திரும்பி வருமா?" புற்றுக்காக மார்பகத்தை எடுத்துவிட்டுச் சீரமைப்புக்கு வருகிறவர்களில் பலர் இதை டாக்டரிடம் கேட்பதில்லை. அவர் அறையைவிட்டுப் போனதும் என்னிடம் கேட்பார்கள். நாகர்கோவிலில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் நர்சாக இருக்கிறேன். டிரெஸ்ஸிங் மாற்றும் நேரத்தில்தான் இந்தப் பேச்செல்லாம் வெளியே வரும்.

கேள்வியில் நியாயம் உண்டு. கொழுப்போடு ஸ்டெம் செல்களும் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடியவை) போகின்றன. ஆய்வுக்கூடத்தில் அவை புற்றுச் செல்களைத் தூண்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். 1987-இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கமே மார்பில் கொழுப்பு செலுத்த வேண்டாம் என்றது. அப்போது சொன்ன காரணம் வேறு: பிற்பாடு மார்பில் படியும் சுண்ணாம்பு, மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமைக் குழப்பிவிடும் என்று. 2009-இல் அந்த நிலையைத் தளர்த்தினார்கள்.

நோயாளிகளிடம் எடுத்த கணக்கு தெம்பூட்டுகிறது. நெதர்லாந்தில் கொழுப்பு வைத்த 300 மார்பகங்களை, வைக்காத 300-உடன் ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். வைத்தவற்றில் 8, வைக்காதவற்றில் 11 என்ற அளவில் அதே பகுதியில் நோய் திரும்பியிருந்தது. அப்போ கொழுப்பு காப்பாற்றுதா என்று ஒரு அக்கா கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது, வித்தியாசம் இல்லை என்பதுதான் பொருள். மிலானில் 2012-இல் வந்த ஆய்விலும் மொத்தத்தில் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. ஆனால் புற்று பால்குழாயைத் தாண்டாத ஆரம்ப நிலைக்காரர்கள் அடங்கிய ஒரு சின்னக் குழுவில் மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. எங்கள் சர்ஜன் அந்த வகையினரிடம் அதிக நேரம் உட்கார்ந்து பேசுவது இதனால்தான்.

உண்மையில் பயம் பிடிப்பது பிறகுதான். வைத்த கொழுப்பு முழுவதும் பிழைக்காது. கொஞ்சம் கரைந்துபோகும், கொஞ்சம் செத்து எண்ணெய்க் கட்டியாகவோ கெட்டியாகவோ நிற்கும். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதும் வீடே கலங்கிவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒரு அக்கா, கட்டி தெரிந்த அன்றே திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டார். ஸ்கேனில் எண்ணெய்க் கட்டி. சந்தேகமாக இருந்திருந்தால் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்திருப்பார்கள். பார்க்கப் போனது சரிதான். ஆனால் கொழுப்பு வைத்ததை ஸ்கேன் டாக்டரிடம் சொல்லவில்லை. மாமியாருக்கே தெரியாதாம், கூட வந்தவர் முன்னால் எப்படிச் சொல்ல? இப்போது வைத்த இடத்தைப் படம் வரைந்து டிஸ்சார்ஜ் தாளோடு கொடுத்துவிடுகிறேன். வாயால் சொல்ல வேண்டாம், தாளை நீட்டினால் போதும்.

எனக்கு ஆதங்கம் வேறொன்றில். கொழுப்பைப் பற்றி இத்தனை கேட்கிற அக்காதான், "மார்பு நல்லா வந்துட்டுல்லா" என்று டமோக்சிஃபென் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவார். ஹார்மோன் சார்ந்த புற்றுக்கு அது குறைந்தது 5 ஆண்டு. நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைப்பது அதுதான். உடம்பு காந்துகிறது, தூக்கம் வரவில்லை என்பார்கள். அந்தச் சிரமம் பொய்யில்லை. அதற்கு மருந்து மாற்ற வழி உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள் என்பேன். அப்புறம் மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்வேன். "பையை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் மக்களே" என்றால், அன்றைக்குக் கொழுப்புப் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு அவர் மகளுக்கு போன் போடுவேன்.