நால்வகைத் தாக்கங்களும் ஓர் இறப்பர் முத்திரையும்

இரசாயனத் தாக்கங்களின் நான்கு வகைகளையும் தரம் 10 மாணவர்களுக்குச் செய்துகாட்ட அதிக நேரம் தேவையில்லை; அதற்கான பொற்றாசியம் பரமங்கனேற்றை வாங்குவதற்குத்தான் அலைய வேண்டியிருந்தது. படுவான்கரையிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நகருக்குப் போனால், பாடசாலைக் கடிதத்தில் அதிபரின் கையொப்பம் இருக்கிறது, இறப்பர் முத்திரை இல்லை என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். முத்திரையோடு போனபோது அளவும் தேவையும் எழுதப்படவில்லை என்றார். அவர் கடிதம் கேட்டதில் எனக்குக் குறையில்லை. கேட்பதை முதலிலேயே முழுமையாகக் கேட்டிருக்கலாம். போகிறவர்கள் பொருளின் பெயர், அளவு, எந்தச் செயற்பாட்டுக்கு என்பவற்றை எழுதி, முத்திரையிட்டு, பிரதியொன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

பொருள்கள் இணைந்து ஒன்றாகும் சேர்க்கைத் தாக்கத்துக்கு மகனீசியம் நாடாவை அரத்தாளால் தேய்த்து எரித்தோம். அதில் சிக்கல் எதுவும் இல்லை. ஒரு மூலகம் சேர்வையிலுள்ள இன்னொன்றை வெளியேற்றும் ஒற்றை இடப்பெயர்ச்சிக்கு நாகம் (துத்தநாகம்) இருக்கவில்லை. பழைய டோர்ச் பற்றறியின் நாகக் கவசத்தை வெட்டிச் சுத்தமாக்கிச் செப்புச் சல்பேற்றுக் கரைசலில் இட்டபோது, நீலம் மெல்ல மங்கிச் செம்பழுப்பாகச் செப்புப் படிந்தது. அல்கலைன் வகைப் பற்றறியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஒரு சேர்வை உடைந்து பிரியும் பிரிகைக்குப் பரமங்கனேற்றைச் சூடாக்கி, வெளிவரும் ஒட்சிசனை நீரின் மேல் சேகரித்தோம். சுடரை அகற்றுமுன் போக்குக் குழாயை நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீர் பின்னோக்கி ஏறி, சூடான சோதனைக் குழாய் வெடித்துவிடும்.

இரு சேர்வைகள் தம் பகுதிகளை மாற்றிக்கொள்ளும் இரட்டை இடப்பெயர்ச்சியில்தான் அடுத்த தடை. பேரியம் குளோரைட்டு நஞ்சு என்பதால் அதைத் தவிர்த்துக் கல்சியம் குளோரைட்டைக் கேட்டேன். மூடி சரியாக இறுகாத போத்தலில் அது முழுவதும் நீராகியிருந்ததால், பழுதடைந்த பொருளை வழங்க முடியாதென்று களஞ்சியப் பொறுப்பாளர் மறுத்தார். வாவிக்கரைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைவது அந்த உப்பின் இயல்பு, எப்படியும் நாங்கள் அதைக் கரைக்கத்தான் போகிறோம் என்று நெடுநேரம் வாதாடிய பிறகே சிறிதளவு கிடைத்தது. சலவைச் சோடாக் கரைசலை ஊற்றியவுடன் கல்சியம் காபனேற்று வெள்ளை வீழ்படிவாகத் திரண்டது; பொறுப்பாளரும் எட்டிப் பார்த்தார். ஆயினும் பதிவேட்டில் அந்தப் போத்தல் இன்னமும் "பழுது" என்றே இருக்கிறது. அதைத் திருத்துவதற்கு வேறொரு படிவம் நிரப்ப வேண்டுமாம்.